கடைசியாக வகுப்புக்கு வந்த தேதி

கல்லூரி அலுவலகத்தின் பின்பக்கக் கடைசி அறைதான் மெர்சியினுடையது. அவள் இருபது வருடங்களாக அங்கேயே இருக்கிறாள். அரசாங்கம் ஆதிதிராவிட மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகை அந்த அறையின் ஜன்னல் வழியாகத்தான் பட்டுவாடா ஆகும். கொடுக்கிற நாளில் ஜன்னலில் கூட்டம் நெரியும். கல்லூரி முதல்வர்கூட ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மெர்சியின் மற்றொரு வேலையைப் பற்றி யாருக்கும் அக்கறை கிடையாது. படிப்பைப் பாதியில் விட்டவர்களின் பெயரைப் பதிவேட்டில் கோடு போட்டு அடித்து, அவர்கள் கடைசியாக வகுப்புக்கு வந்த தேதியை எழுதி, அந்தத் தேதிக்கு மேற்பட்ட பணத்தை மார்ச் முடிவதற்குள் அரசாங்கத்துக்கே திருப்பிக் கட்ட வேண்டும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் யாரும் ஜன்னலுக்கு வந்து, "நான் நின்னுக்கறேனுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போவார்கள். போன இடத்தில் கரும்பு வெட்டுக்கு ஆள் பற்றாமல் இருக்கும். வெட்டு முடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனியில் மாமன் மகன் சேர்த்துவிடுவான். திங்கட்கிழமை போய்விடலாம், அடுத்த திங்கட்கிழமை போய்விடலாம் என்று இருந்து, ஒருநாள் தெரியும், படிப்பு நின்று வெகுநாளாயிற்று என்று. நின்றது எந்த நாள் என்று நின்றவர்களுக்கே தெரியாது. ஆனால் அரசாங்கத்துக்குத் தேதி வேண்டும்.

"மூணு வாரம் ஆளைக் காணமின்னா கோட்டைப் போட்டு உடுங்க மெர்சியம்மா" என்பார் தலைமை எழுத்தர் ஐயாசாமி. "நீங்க என்னமோ பொண்ணு பாக்கப் போற மாதிரி ஒவ்வொரு ஊடாப் போயிட்டு வாரீங்க. பஸ் காசு யாரு குடுப்பாங்க?"

மெர்சி சிரித்து வைப்பாள். ஒருமுறை பெயரை அடித்துவிட்டால் அந்தப் படிப்புக்கு மறுபடி அந்தப் பணம் கிடையாது. அதனால் அடிப்பதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, அவளே பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவாள். இப்படிச் செய்யும்படி எந்த ஆணையும் இல்லை. செய்யக்கூடாது என்றும் இல்லை.

போகிற இடங்களில் பயம்தான் முதலில் எதிரே வரும். புளியம்பட்டிப் பக்கம் ஒரு தகப்பன், கவர்மெண்டுப் பணத்தை வசூல் பண்ண வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளாட்டுக் குட்டி ஒன்றைப் பிடித்துவந்து அவள் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டார். "இப்பத்திக்கு இதெ வெச்சுக்குங்க. மிச்சத்தெச் சித்திரையில பாத்துக்கலாமுங்க." கயிற்றைத் திருப்பிக் கொடுப்பதற்குள் குட்டி அவள் சேலைத் தலைப்பில் பாதியைத் தின்றுவிட்டது. இதை அவள் அலுவலகத்தில் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மெர்சிக்கு ஊர் கொடுமுடிக்கு அந்தப்புறம். அவள் அப்பா சாமுவேல், அடுத்தவர் காட்டில் மஞ்சள் வேகவைக்கிற கூலி. மிஷன் பள்ளி விடுதியில் படித்து, மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் கிடைக்கிற இதே உதவித்தொகையில் இதே கல்லூரிக்கு வந்து, படிப்பு முடிந்ததும் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் மூலம் இதே அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஈரோட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தம்பி படிப்பு முடியட்டும் என்று அவள் ஒரு வருடம் தவணை கேட்டாள். தவணை முடிந்தபோது மாப்பிள்ளைக்குக் குழந்தை பிறந்திருந்தது. தம்பி இப்போது ஓசூரில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். முதலில் அவன் கையால் எழுதினான், பிறகு அவன் மனைவி எழுதினாள், இப்போது அச்சடித்த பெயர்கள் மட்டும்.

உக்கடத்தில் தாஜுன்னிசாவின் வீட்டு மாடியறையில் அவள் வாடகைக்கு இருந்தாள். நல்ல மனுஷி தாஜுன்னிசா. நோன்பு மாதத்தில் சாயங்காலம் தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்புவாள். கீழே அந்தக் குடும்பம் ஒரே நேரத்தில் பேசிச் சிரிப்பது மாடிக்குக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் கேட்காது. மெர்சி ஸ்டவ்வில் ஒருவருக்குச் சோறு வைப்பாள். ஒருவருக்கு வைக்கிற சோற்றுக்கு அளவு பிடிபடவே இல்லை. எப்படி வைத்தாலும் மீந்தது.

கல்லூரியில் பெண் ஊழியர்கள் மதியம் ஓர் அறையில் கூடிச் சாப்பிடுவார்கள். சேர்ந்த புதிதில் மெர்சியும் அங்கேதான் உட்கார்ந்தாள். டப்பாக்கள் வட்டமாகச் சுற்றிவரும். எல்லோரும் அவள் தட்டில் அள்ளி அள்ளி வைத்தார்கள். "இன்னுங் கொஞ்சம் எச்சா வெச்சுக்குங்க அம்மணி, எளச்சுக் கெடக்கறீங்களே." அவள் தன் டப்பாவை நீட்டினால், "ஐயோ, உங்களுக்கே பத்தாதுங்களே" என்று சிரித்தபடி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். அவள் ஒருநாள் இரண்டு பங்காகக் கொண்டுபோனாள். அன்றும் பத்தாது என்றார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. வாய் நிறைய 'ங்க' போட்டுத்தான் பேசினார்கள். மெர்சி டப்பாவை எடுத்துக்கொண்டு தன் அறைக்கு வந்துவிட்டாள். ஏன் வருவதில்லை என்று யாரும் கேட்கவில்லை.

அந்த அறைக்குத்தான் இளவேனில் வந்தாள். அன்னூர்ப் பக்கத்துப் பெண், வேதியியல் முதலாமாண்டு. சாதிச் சான்றிதழில் முத்திரை சரியாக விழவில்லை என்று மெர்சி கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். மதிய நேரம். மெர்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன கொழம்புங்க்கா இது, இத்தன வாசம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், பதிலுக்குக்கூடக் காத்திராமல் டப்பாவிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "உப்புக் கம்மி. எங்கம்மா வெச்சா இதுல பாதிதான் நல்லா இருக்கும், ஆனா உப்பு இருக்கும்."

மெர்சி டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "கையக் கழுவினியா கண்ணு?" என்றாள் கடைசியில்.

அடுத்த நாளும் அவள் வந்தாள். அதற்கடுத்த நாள் தன் டப்பாவையும் கொண்டுவந்துவிட்டாள். கோப்புகளை ஒதுக்கிவிட்டு இருவரும் மேஜையில் சாப்பிடுவார்கள். இளவேனில் வகுப்பில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுவாள். பேராசிரியர் வெங்கடபதி சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்க்கும்போது மூக்குக்கண்ணாடி நழுவுகிறதை, பஸ்ஸில் கண்டக்டர் கோழிக்கு டிக்கெட் கேட்டதை. மெர்சி உப்புப் போட்டுச் சமைக்கக் கற்றுக்கொண்டாள். இரண்டு பேருக்கு வைத்தபோது சோற்றுக்கு அளவும் பிடிபட்டது.

இரண்டாம் ஆண்டில், தீபாவளி கழிந்து, அந்தப் பெண்ணின் விரல்களில் ஒருவித வார்னிஷ் வாசம் வந்தது. நகக்கண்ணில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. "லேபுல புதுசா ஒரு கெமிக்கலுங்க்கா, போவே மாட்டீங்குது" என்றாள். வகுப்பைப் பற்றிய கதைகள் குறைந்து, பஸ்ஸைப் பற்றிய கதைகள் கூடின. மெர்சி அதைக் கவனிக்கவில்லை. கதை வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஜனவரியில் இரண்டாம் தவணை வந்தது. அதைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பெயருக்கும் நேரில் போய்ப் பார்த்து, 'தவறாமல் வகுப்புக்கு வருகிறார்' என்று மெர்சி கையெழுத்திட வேண்டும். எல்லா வகுப்புக்கும் ஏறி இறங்கினாள். இளவேனிலின் வகுப்புக்கு மட்டும் போகவில்லை. தினமும் கண்ணெதிரே வந்து உட்காருகிற பெண்ணைத் தேடிப் போவானேன்? கையெழுத்துப் போட்டுவிட்டாள். பணம் வாங்க வந்தபோது இளவேனில் ஜன்னலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். "என்ன கண்ணு, பின்னால ஆளு நிக்குது பாரு" என்று மெர்சி அதட்டியதும் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று மெர்சி நினைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்குக் கொண்டுவந்து, பாதியைத் திரும்ப உக்கடத்துக்கு எடுத்துப்போனாள். அடுத்த வாரம் மாடிப்படி ஏறி வேதியியல் துறைக்குப் போனாள்.

"வருதுங்களே" என்றார் வெங்கடபதி, வருகைப் பதிவேட்டைப் புரட்டி. "நேத்துக்கூட 'எஸ் சார்'னு சத்தம் கேட்டனே. என்னுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா, எனக்குக் காது கேக்கலீங்களா?"

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த யுஸ்ரா என்ற பெண் மெர்சியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். தாழ்வாரத்துக்கு வந்து, "நான்தானுங்க்கா அவளுக்கும் சேத்திச் சொல்றது" என்றாள். "பேரு போயிருச்சுன்னா பணம் வராதுன்னாளுங்க."

"எத்தன நாளாச் சொல்றே?"

யுஸ்ரா சுவரைப் பார்த்தாள். "அதெ அவகிட்டயே கேட்டுக்குங்க. எனக்குச் சொல்ல ஒரு மாதிரி இருக்குதுங்க."

எத்தனையோ சனிக்கிழமைகளில் எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை அன்னூர்ப் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். மார்ச் முடிய நாள் இருக்கிறது. பெயரை இன்னும் அடிக்கவில்லை. திங்கட்கிழமை வந்துவிட்டால் போதும், மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் அப்போதெல்லாம் ஒத்திகை தேவைப்பட்டதில்லை.

அன்னூரில் இறங்கிப் பருத்திக்காட்டு ஓரமாக நடந்தால் காலனி. வீட்டு வாசலில் இளவேனிலின் அப்பா மாரப்பன் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கிணறு வெட்டுகிற வேலையில் மண் சரிந்து இடுப்பு போய்விட்டதாம், புரட்டாசியில். இதைக்கூட அந்தப் பெண் சொன்னதில்லை. அம்மா ராசாத்தாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"டீச்சருங்களா? வாங்க, வாங்க. உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" சொம்பை நீட்டியவள், மெர்சி குடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "புள்ள இப்ப ரொம்பத் திண்டாடுதுங்க. காலேஜுக்குப் பின்னால மோட்டார் கம்பெனில செம்புக் கம்பியக் காயில் சுத்தி வார்னிஷ் பூசிக்கிட்டிருந்தப்ப, காத்தால கம்பெனி, மத்தியானம் காலேஜுன்னு செரியா இருந்துச்சு. இப்ப கம்பெனிய அரசூருக்கு மாத்திப்போட்டாங்க. அங்கிருந்து மத்தியானம் எப்படிங்க காலேஜுக்கு வாரது? அதுதான் வரலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"மத்தியானக் காலேஜா?" என்று மெர்சி கேட்கவில்லை. சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். "பரவாயில்லீங்க" என்றாள்.

சாயங்காலப் பஸ்ஸில் இளவேனில் வந்து இறங்கினாள். தாவணியின் ஓரமெல்லாம் வார்னிஷ் கறை. மெர்சியைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு போய்விட்டது. இருவரும் திரும்பப் பஸ் நிறுத்தத்துக்கே நடந்தார்கள்.

"எப்ப இருந்து கண்ணு?"

"தீவாளி நோம்பிக்கு முந்துன வெள்ளிக்கெழம. அதோட கிளாசுக்குப் போகலீங்க்கா."

"அப்பறம் தெனமும் வந்தியே."

"கம்பெனில ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு உடுவாங்க. பின்கேட்டுல ஏறிக் குதிச்சா உங்க ரூமுக்கு அஞ்சு நிமிசம்." அவள் செருப்பால் மண்ணைக் கீறினாள். "மொத நாளே சொல்லிப்போடலாமின்னுதான் வந்தனுங்க. நீங்க எனக்கும் சேத்தி அள்ளி வெச்சிட்டு உக்காந்திருந்தீங்க. எப்படிச் சொல்றது? செரி நாளைக்குச் சொல்லலாமின்னு போயிட்டேன். அப்பறம் தெனமும் அப்படியே ஆயிப்போச்சு."

"நெசமாலுமே பசிச்சுத்தான் வந்தியா?"

"கம்பெனிலயே கேண்டீன் இருக்குதுங்க்கா." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல் அவள் மெர்சியின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க தனியா உக்காந்து சாப்புடுவீங்களேன்னு."

ஒத்திகை பார்த்துவைத்ததையெல்லாம் மெர்சி சொன்னாள். திங்கட்கிழமை, சான்றிதழ், மார்ச் முடியும் வரை நாள் இருக்கிறது. சொல்லச் சொல்ல அதை யாருக்காகச் சொல்கிறோம் என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இளவேனில் பொறுமையாகக் கேட்டாள். பெரியவர்கள் பேசும்போது குழந்தைகள் கேட்பது போல இல்லை. குழந்தைகள் பேசும்போது பெரியவர்கள் கேட்பது போல.

"வேண்டாமுங்க்கா. பேரை அடிச்சிருங்க. தங்கச்சி இருக்குது, அது படிக்கும். எனக்கு அந்த வேல புடிச்சிருக்குது, நெசமாத்தான் சொல்றேன். சூப்பர்வைசர் என்னையப் பாத்துத்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க." பையைத் திறந்து மடித்த கவர் ஒன்றை எடுத்தாள். "தை மாசம் நீங்க குடுத்தது. தொடவே இல்லீங்க. கம்பெனிச் சம்பளமே போதுமின்னு வெச்சிருந்தேன்."

பஸ் வந்தது. "ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வாரனுங்க்கா" என்று கீழே நின்று சொன்னாள். மெர்சி தலையசைத்தாள். காந்திபுரம் வரை கவரை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலை மூடாமல், முகத்தில் தூசி அடிக்க உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை அவள் ஐயாசாமியிடம் விஷயத்தைச் சொன்னாள். கம்பெனியைச் சொன்னாள், கவரை மேஜையில் வைத்தாள். மதியங்களைப் பற்றிச் சொல்லவில்லை.

ஐயாசாமி கதவைச் சாத்திவிட்டு வந்தார். கெட்ட மனிதரில்லை. "இங்க பாருங்க மெர்சியம்மா. அட்டெண்டென்ஸ் பிப்ரவரி வரைக்கும் 'வந்திருக்குது'ங்குது. நீங்க ஜனவரியில 'வந்திருக்குது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கறீங்க. பிப்ரவரின்னு போட்டு ஒரு மாசத்துப் பணத்தெத் திருப்பிக் கட்டிப்போட்டு, மிச்சத்தெ அந்தப் புள்ளைக்கே குடுத்துருங்க. தீவாளின்னு போட்டீங்கன்னா ஜனவரிக் கையெழுத்து பொய்யின்னு ஆயிரும். ஆடிட்டுக்காரன் உங்களத்தான் புடிப்பான். மெமோ வரும், இன்கிரிமெண்டு போகும். எதுக்குங்க வம்பு?"

"யோசிச்சுச் சொல்றனுங்க சார்."

தன் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். பிப்ரவரி என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கும் நல்லது, தனக்கும் நல்லது. பேனாவை எடுத்துவிட்டாள். தீபாவளியிலிருந்து பிப்ரவரி வரை அந்தப் பெண் பின்கேட்டு ஏறிக் குதித்து, மழை பெய்த நாளில் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, இந்த நாற்காலிக்கு வந்தாள். பிப்ரவரி என்று எழுதினால் அத்தனை நாளும் படிக்க வந்ததாக ஆகிவிடும். வந்ததற்கு அரசாங்கம் நாளுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்ததாக ஆகிவிடும்.

கொடுக்கவில்லை. அந்த நாட்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

அவள் பெயரை அடித்தாள். கடைசியாக வகுப்புக்கு வந்த தேதிக்கு நேராக, தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமையை எழுதினாள். அன்றைக்கே செலான் நிரப்பி, கவரிலிருந்த பணத்தை முழுசாக வங்கியில் கட்டினாள்.

மெமோ ஏப்ரலில் வந்தது. 'மேற்படி மாணவி வகுப்புக்கு வராத காலத்தில், தவறாமல் வருவதாக எதன் அடிப்படையில் சான்றளித்தீர்கள்? விளக்கம் தரவும்.' மெர்சி இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். எழுதியது ஒரே வரி. ஐயாசாமி அதை முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு நம்பாதவர் போல் வாய்விட்டுப் படித்தார்.

"'மாணவி தினமும் மதியம் என் அறைக்கு வந்து என்னுடன் சாப்பிட்டதால், வகுப்புக்கும் வருவதாக நம்பினேன்.'" கண்ணாடியைக் கழற்றினார். "இதெப் போயி எப்படிங்க மேல அனுப்பறது?"

"உள்ளது அதுதானுங்க சார்."

"ரூமுலயா? நீங்க அந்த ரூமுலயா சாப்பிடறீங்க?"

"ஆமாங்க சார்."

"இருவது வருசமாவா? ஏன், லேடீசெல்லாம் அந்தப் பக்கத்து ரூமுல ஒண்ணாத்தான..."

அவர் நிறுத்திக்கொண்டார். மெர்சி மேஜையின் இந்தப்புறம் நின்றுகொண்டிருந்தாள். அவர் மேஜையில் எதையோ தேடினார். முத்திரை கைக்கருகேயே இருந்தது. அதை இங்க் பேடில் வேண்டியதற்கு மேல் இரண்டு தடவை அமுக்கி, அவள் எழுதிய வரிக்குக் கீழே குத்தினார்.

"செரிங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல். "நீங்க போங்க."

மெர்சி போனாள்.